தொழுவில் பூட்டிய சொல்

"தொழுநோய் என்றால் கும்பிடுகிற நோயா, ஐயா?"

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று இப்படிக் கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அன்று சனவரி 30. காந்தியாரை மதவெறியன் சுட்டு வீழ்த்திய அந்த நாளைத் தொழுநோய் ஒழிப்பு நாளாகவும் இந்நாட்டில் கடைப்பிடிக்கிறார்கள். காலையில் மாணவர் வரிசை வரிசையாக நிற்க, உறுதிமொழியை நாம் ஒவ்வொரு வரியாகப் படித்தோம்; அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். வகுப்புக்குள் வந்ததும் எழுந்த ஐயம் அது. தொழு என்றால் வணங்கு என்று இலக்கண வகுப்பில் கற்பித்தவர்கள் நாமே. பையன் அதை மறக்கவில்லை. நாம் என்ன செய்தோம்? "உட்கார், பிறகு பார்ப்போம்" என்றோம். கல்லூரியில் மூன்றாண்டு படித்து வாங்கிய பட்டம் பெட்டியில் இருந்தது, விடை இல்லை. தெரியாது என்று சொல்லும் துணிவும் இல்லை!

அக்கேள்வியை நாம் மறந்தே போயிருப்போம். வேறொரு சிறுவனின் கை மறக்க விடவில்லை.

வரிச்சிக்குடியில் நாம் குடியிருக்கும் தெருவில் ஒரு கிழவி. மகனும் மருமகளும் வெளியூரில் கூலி வேலை. பேத்தி ஒருத்தி, பேரன் ஒருவன் அவள் பொறுப்பில். பேரனின் இடக்கையில், முழங்கைக்குக் கீழே, வெளிறிய தேமல் ஒன்று. மாலையில் நம்மிடம் கணக்குப் போட வருவான். எரிந்து கொண்டிருந்த கொசுவர்த்திச் சுருளின் மீது கையை வைத்துக்கொண்டே கணக்குப் போட்டான் ஒரு நாள். தோல் கருகும் வாடை நம் மூக்குக்கு வந்தது, அவனுக்குச் சுடவில்லை! உறுதிமொழியில் படித்தது நினைவுக்கு வந்தது: உணர்ச்சியற்ற தேமல். அன்றே கிழவியிடம் போனோம். நோயின் பெயரைச் சொன்னோம். அது நாம் செய்த முதல் தவறு.

"அந்தப் பேர வாயால சொல்லாதீங்க தம்பி. நாலு வீட்டுக்குக் கேட்டா எம் பேத்திய எவன் கட்டுவான்?"

கதவு சாத்திக்கொண்டது. மறுநாள் முதல் பையன் கணக்குப் போட வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அவனை வைத்தீசுவரன் கோயிலுக்கு அழைத்துப் போய்க் குளத்தில் வெல்லம் கரைத்து வந்தார்கள் என்று கேள்விப்பட்டோம்.

தோழர்களே! கோட்டுச்சேரி வட்டாரத்தில் மருத்துவ நிலையத்துக்கு நடந்தே போகலாம். மருந்துக்குக் காசு இல்லை; அரசு இலவயமாகத் தருகிறது. அப்படியிருந்தும் ஒரு சொல் குறுக்கே நின்று கதவைச் சாத்தியது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எதைச் சுமந்து வந்தது என்று நாம் தேடத் தொடங்கியது அப்போதுதான். பையனின் கேள்விக்கு விடையும் அந்தத் தேட்டத்தில்தான் கிடைத்தது.

தமிழில் 'தொழு' என்னும் சொல்லுக்கு வணக்கம் ஒன்றே பொருளன்று. மாடு அடைக்கும் கொட்டிலும் தொழு. தொழுவம் என்று இன்றும் வழங்குகிறோம். கலித்தொகையின் முல்லைப் பாட்டுகளில் ஏறு தழுவும் இளைஞர் பாய்கின்ற களமும் தொழுவே. இன்னொரு பொருளும் உண்டு. குற்றவாளியின் காலைத் துளையில் நுழைத்துப் பூட்டும் தண்டனைக் கட்டைக்குத் தொழுமரம் என்று பெயர். கிறித்தவ மறையின் தமிழ்ப் பெயர்ப்பில், சிறைப்பட்ட பவுலின் கால்களை மாட்டி வைத்தது தொழுமரத்தில்தான்.

கும்பிடு, கொட்டில், தண்டனைக் கட்டை! நோய்க்குப் பெயர் வந்த காரணத்தை இம்மூன்றில் ஒவ்வொன்றைக் கொண்டும் ஒவ்வொருவர் விளக்குகிறார்கள். விரல்கள் மடங்கிக் கை குவிந்த தோற்றம் தருவதால் தொழுநோய் என்பாரும் உண்டு. நோயுற்றவர் கடவுளைத் தொழுது கிடந்ததால் என்பாரும் உண்டு. ஊருக்கு வெளியே கொட்டிலில் ஒதுக்கி வைத்ததால் என்பாரும் உண்டு. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆடுவது புராணிகர் வேலை. நமக்கு அது வேண்டாம். ஆனால், விளக்கம் சொல்ல வந்தவர் எல்லாரும் ஏன் கும்பிடுதலையும் ஒதுக்குதலையுமே நினைக்கிறார்கள் என்று கேட்கலாம் அல்லவா? சொல்லின் வேரைக் காட்டிலும், சொல்லைக் கேட்டவர் நெஞ்சை அவ்விளக்கங்கள் நன்றாகக் காட்டுகின்றன.

வேரை விடுவோம், சொல் வாழ்ந்த வீட்டைப் பார்ப்போம். பழைய நூல்களில் தொழுநோய் என்னும் சொல் நமக்குத் தெளிவாகக் கிடைக்கும் இடம் நாலடியார். தீவினையச்சம் என்னும் அதிகாரத்தில், 123ஆம் பாட்டு. அதன் கருத்தைச் சொல்கிறோம். படித்தபோது நாம் திடுக்கிட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். உள்ளங்கை மட்டும் மிஞ்ச விரல்களெல்லாம் அழுகிப்போகும் அந்தத் துயர நோய் ஒருவனுக்கு ஏன் வருகிறதாம்? முற்பிறப்பில் அவன் நண்டை விரும்பி, அதன் காலை ஒடித்துத் தின்றானாம். ஒடித்த காலுக்கு அழுகிய விரல்!

நண்டு! கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் கோட்டுச்சேரிமேட்டிலும் விடியற்காலையில் வலை உதறும்போது முதலில் விழுவது நண்டு. சளி பிடித்த குழந்தைக்கு நண்டுச்சாறு வைத்துக் கொடுப்பது இக்கரையின் கைமருந்து. பாட்டின் கணக்குச் சரியென்றால் இந்தக் கடற்கரையில் விரலோடு ஒருவரும் இருக்கலாகாது. மாறாக, கடலையே காணாத மலைநாட்டிலும், நார்வே நாட்டுப் பனியிலும், நண்டென்றால் முகஞ்சுளிக்கும் வீடுகளிலும் இந்நோய் வந்திருக்கிறது. உயிர்க்கொலை கூடாது என்ற சமண முனிவரின் இரக்கத்தை நாம் பழிக்கவில்லை. நண்டின் வலியை எண்ணிப் பார்த்த அந்த நெஞ்சு பெரிய நெஞ்சுதான். ஆனால் நண்டுக்கு இரங்கிய அந்தப் பாட்டு, விரலிழந்து கிடக்கும் மனிதனைப் பார்த்து 'உனக்கு வேண்டும்' என்றல்லவா சொல்லிவிட்டது!

இங்கேதான் நமக்கு ஒரு குத்தல். 'குஷ்டம்' என்னும் வடசொல்லை விலக்கித் 'தொழுநோய்' என்னும் தமிழ்ச்சொல்லை ஏற்றபோது நாம் மகிழ்ந்தோம். குஷ்டரோகி என்ற வசைச்சொல் ஒழிந்து, நாகரிகமான நல்ல தமிழ் வந்தது என்று எண்ணினோம். வந்தது தமிழ்தான். ஆனால் அந்தத் தமிழ்ச்சொல்லும் பழவினை என்னும் பழைய மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறது. மொழி மாறிற்று, தீர்ப்பு மாறவில்லை.

வடசொல்லின் கதையையும் பார்த்துவிடுவோம். குஷ்டம் தமிழில் குட்டம் ஆயிற்று. சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் ஆயுர்வேத நூல்கள் குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பிரிக்கின்றன. பெரியவை 7, சிறியவை 11. படையும் சொறியும் செதிலுதிர்வதுமான தோல்நோய்கள் பலவும் அந்தப் பதினெட்டில் அடங்கும். அதாவது குட்டம் என்பது ஒரு நோயின் பெயரன்று, ஒரு கூடை. கூடையில் கிடந்த ஒன்றின் அச்சம் எல்லாவற்றின் மீதும் படிந்தது. வெண்குட்டம் என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். தோலின் நிறமி குறைவதால் வரும் வெண்மை அது; தொற்றாது; நரம்பைத் தொடாது; தொழுநோயோடு அதற்கு உறவே இல்லை. ஆனால் பெயரில் 'குட்டம்' ஒட்டிக்கொண்டதால் எத்தனை பெண்களின் திருமணம் நின்றிருக்கும்! வெண்புள்ளி என்ற சொல் இந்நூற்றாண்டில் வழக்கத்துக்கு வந்தது. தமிழ்நாட்டரசும் அதை ஏற்றுக்கொண்டது. அது வெறும் சொல்லாராய்ச்சியா? நோயுற்றவர்களே போராடிப் பெற்ற உரிமை அது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதர்வ வேதத்தில் 'குஷ்டம்' என்ற சொல் நோயைக் குறிக்கவில்லை. காய்ச்சலை ஓட்டும் மூலிகை ஒன்றைக் குறிக்கிறது. நாட்டுமருந்துக் கடையில் கோஷ்டம் என்று கேட்டால் இன்றும் ஒரு வேரை எடுத்துத் தருவார்கள். மருந்துக்கும் நோய்க்கும் ஒரே ஒலி! மருந்தின் பெயரை ஊர் மறந்தது. நோயின் பெயரை மறக்கவில்லை.

மனு என்ன சொன்னார்? பெண் எடுக்கலாகாத குடும்பங்களின் பட்டியலை மூன்றாம் இயலில் கொடுத்து, அதில் குட்ட நோயுள்ள குடும்பத்தையும் சேர்த்தார். பதினோராம் இயலில், துணி திருடியவனுக்கு வெண்குட்டம் வரும் என்றார். நண்டு தின்றவனுக்கு ஒன்று, துணி திருடியவனுக்கு ஒன்று! கிழவி கதவைச் சாத்தியபோது அவள் மனுவைப் படித்துவிட்டுச் சாத்தவில்லை. அவளுக்கு எழுத்தே தெரியாது. ஆனால் "எம் பேத்திய எவன் கட்டுவான்" என்ற அந்த நடுக்கத்தில் மனுவின் மூன்றாம் இயல் முழுமையாக இருந்தது.

எங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்தாலே போதும், இச்சொல்லின் பயணம் தெரியும். வடக்கே பூம்புகார், பேருந்தில் ஒரு மணி வழி. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவில் அந்நகரின் ஐவகை மன்றங்களைச் சொல்லும்போது இலஞ்சி மன்றம் என்ற ஒன்றைச் சொல்கிறார் இளங்கோ. கூனரும் குறளரும், ஊமையரும் செவிடரும், உடல் அழுகியவரும் அந்தப் பொய்கையில் மூழ்கி எழுந்து, வலம் வந்தால் குறை நீங்குவார்களாம். குளமே குணப்படுத்திற்று என்றால், அதே காதையில் மருத்துவர் வாழும் தெருவையும் ஏன் சொன்னார்? பொய்கை கற்பனைக்கு; மருத்துவர் காய்ச்சலுக்கு! கடல் கொண்ட புகாரின் பொய்கை போய்விட்டது. வைத்தீசுவரன் கோயிலில் சித்தாமிர்தக் குளம் இருக்கிறது. செவ்வாய்க் கோளாகிய அங்காரகனுக்கே குட்டம் வந்து, அங்கே தீர்ந்தது என்பது தலபுராணம். கோளுக்குத் தோல் உண்டா, தோலுக்கு நோய் உண்டா என்று கேட்பாரில்லை. வெல்லம் மட்டும் நாள்தோறும் கரைகிறது.

அதே சாலையில், இன்னும் அருகில், தரங்கம்பாடி. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய கடற்கரை. தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதல் அச்சேறிய ஊர், 1714-15இல். கிறித்தவ மறையில் வரும் குஷ்டரோகம் எது? அதற்கும் ஒரு கதை உண்டு. எபிரெய மூலத்தில் இருந்த சொல் தீட்டுப்பட்ட தோலைக் குறித்த பொதுச்சொல். லேவியராகமத்தின் 13, 14ஆம் அதிகாரங்களைப் பாருங்கள்: துணிக்கும் அந்த ரோகம் வருகிறது, வீட்டுச் சுவருக்கும் வருகிறது! சுவருக்கு நரம்பு உண்டா? பூஞ்சணம் பூத்த சுவரைப் பார்த்து ஆசாரியன் தீட்டு என்று தீர்ப்பளித்திருக்கிறான். கிறித்துவுக்கு முன் அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், செதில் உரிவதைக் குறிக்கும் 'லெப்ரா' என்ற சொல்லைப் போட்டார்கள். கிரேக்க மருத்துவர்களோ உண்மையான தொழுநோயை யானையின் பெயரால் வேறு சொல்லிட்டு அழைத்தனர். அந்தப் பெயர் இன்று யானைக்கால் நோய்க்குப் போய்விட்டது. பிற்காலத்தில் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனுக்குக் கொண்டுவந்தவர்கள், தொழுநோய்க்கு நேராக 'லெப்ரா'வை எழுதினார்கள். முடிந்தது! சுவரின் தீட்டு மனிதனின் நரம்பில் வந்து ஏறிற்று. மொழிபெயர்ப்பாளன் ஒருவனின் மை, ஐரோப்பாவில் எத்தனையோ பேரை மணியடித்துக்கொண்டு ஊருக்கு வெளியே நடக்க வைத்தது.

எங்கள் காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அவர்கள் மொழியிலும் இதே நாடகம். புண்களோடு செல்வன் வாசலில் கிடந்த லாசரு என்னும் ஏழையின் பெயரிலிருந்து 'லாத்ர்' என்று ஒரு சொல் பிறந்தது. முதலில் அது தொழுநோயுற்றவனைக் குறித்தது. பிறகு கஞ்சனைக் குறிக்கலாயிற்று. தோல் மரத்தவன் நெஞ்சும் மரத்தவன் என்ற கணக்குப் போலும்! வாசலில் கிடந்து பட்டினியால் வாடியவன் லாசரு. கஞ்சத்தனம் செய்தவன் உள்ளே இருந்த செல்வன். பழி எவன் தலையில் விழுந்தது பார்த்தீர்களா?

சரி, நோய் என்னதான்? நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் 1873இல் ஆன்சன் என்ற மருத்துவர், நோயுற்றவர் திசுவில் கோல் வடிவக் கிருமியைக் கண்டார். பழவினையும் இல்லை, நண்டும் இல்லை, ஒரு கிருமி! மனிதனுக்கு நோய் தரும் கிருமிகளுள் மிக முன்னதாகக் கண்டறியப்பட்டவற்றுள் அது ஒன்று. (அதே ஆன்சன், ஒரு பெண்ணின் ஒப்புதல் பெறாமல் அவள் கண்ணில் நோய்ப்பொருளைச் செலுத்திப் பார்த்து, 1880இல் வழக்கு மன்றத்தில் குற்றவாளியாகி, மருத்துவமனைப் பதவியை இழந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறிவியலாளனும் மனிதன்தான்.) அந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது, ஒன்று இரண்டாக ஏறத்தாழ இரண்டு கிழமை ஆகும். உடலில் புகுந்து குறி தெரிய ஐந்தாண்டு ஆகலாம், இருபதாண்டும் ஆகலாம். மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இயல்பிலேயே அதை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. பரம்பரை நோயன்று. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதும் பொய். மருந்துண்ணாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கிப் பழகுவோருக்கே, மூச்சுத்துளிகள் வழியே பரவுகிறது.

விரல் அழுகுவது? நாலடியார் முதல் நம் தெரு வரை எல்லாரும் கண்ட காட்சி அல்லவா அது! வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் இதை ஆராய்ந்தவர் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர். தசை தானே அழுகவில்லை என்று அவர் கண்டார். கிருமி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் வலி தெரிவதில்லை. வலி தெரியாத கை அடுப்பில் சுடுகிறது, ஆணியில் கிழிகிறது, புண் ஆறாமல் பழுத்துத் தேய்கிறது. நோயாளிகள் சிலரின் விரல் இரவோடிரவாகக் குறைவதைக் கண்டு காத்திருந்து பார்த்தபோது, உறங்கும் கையை எலி கடித்துத் தின்பது தெரிந்தது. உணர்வில்லை, விழிக்கவில்லை. பிறகு வீடு திரும்புவோருக்குப் பூனை கொடுத்தனுப்பினார்களாம்! முற்பிறப்பின் தண்டனை என்று முனிவர்கள் சொன்னதன் பின்னே இருந்தது ஒரு கொசுவர்த்திச் சுருள், ஓர் ஆணி, ஓர் எலி.

மருந்து இல்லையா? நம் சித்த மருத்துவர்கள் நீரடிமுத்து எண்ணெயை நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். அந்த இனத்து எண்ணெயையே இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை மேலைநாட்டு மருத்துவர்களும் ஊசி வழியே ஏற்றிப் பார்த்தனர். 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்ஃபோன் இன மருந்து பயன் தந்தது. சில ஆண்டுகளில் அது செங்கற்பட்டுக்கு, ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவரிடம் வந்துவிட்டது. 1955இல் பொலம்பாக்கத்தில் பெல்சிய நாட்டு மருத்துவர் ஏமெரிக்சு, நோயாளிகளை அடைத்து வைக்கும் விடுதி கட்டாமல், ஊர் ஊராகச் சென்று மரத்தடியில் மருந்து கொடுத்தார். தொழுவத்தை உடைத்த செயல் அது என்போம் நாம். ஒரே மருந்துக்குக் கிருமி பழகிக்கொண்டபோது, உலக நலவாழ்வு அமைப்பு 1981இல் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதம், மிஞ்சினால் ஓராண்டு. முதல் வேளை மருந்து வயிற்றில் இறங்கியதுமே பிறருக்குப் பரவும் தன்மை பெரும்பாலும் அற்றுப்போகிறது.

'தீர்' என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. பிணி என்றால் கட்டு. பிணித்தல் என்றால் கட்டுதல். கட்டியது அவிழ்வதுபோல நோய் நீங்குவதைத் தீர்தல் என்றனர் நம் முன்னோர். நோய் தீர்ந்தாயிற்று, மருந்து வந்தாயிற்று. பிறகும் சட்டம் என்ன எழுதிற்று? 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 'கொடிய, தீராத' தொழுநோய் மணவிலக்குக்குக் காரணமாகும் என்றது. பொலம்பாக்கத்து மரத்தடியில் நோய் தீர்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டில் தில்லியில் 'தீராத' என்று எழுதினார்கள்! அந்தச் சொல் சட்டப் புத்தகங்களிலிருந்து நீங்க 2019 ஆயிற்று. பிச்சையெடுக்கும் நோயாளியைப் பிடித்து அடைத்து வைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016 வரை ஏட்டில் கிடந்தது. ஒடிசாவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நகராட்சி உறுப்பினர் ஒருவர், தொழுநோயைக் காரணங்காட்டிப் பதவி பறிக்கப்பட்டு, உச்சநீதிமன்றம் வரை சென்றார். 2008இல் அங்கும் அவருக்குக் கதவு திறக்கவில்லை. மனு ஓலையில் எழுதியதை நாம் அரசிதழில் அச்சிட்டோம்.

பிறரை மட்டும் பேசிவிட்டு எழுந்து போவது நேர்மையாகாது. நம் மேடை என்ன செய்தது? 'இரத்தக்கண்ணீர்' நாடகத்தை அறியாத தோழர் உண்டா? திருவாரூர் தங்கராசு எழுதி, நடிகவேள் எம்.ஆர். ராதா நடித்து ஊரூராக முழங்கி, 1954இல் திரைக்கும் வந்தது. மூடத்தனத்தின் முதுகெலும்பை முறித்த உரையாடல்கள். செல்வச் செருக்கின் முகத்தில் விழுந்த அறை. அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த பெரியவர்களிடம் பாடம் கேட்டவர்கள் நாம். ஆனால் கதையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மோகனசுந்தரம் தாயை அவமதிக்கிறான், மனைவியை ஒதுக்குகிறான், காந்தாவிடம் போகிறான். அதன் விளைவாக அவனுக்கு வருவது தொழுநோய். நண்டு தின்றவனுக்குப் பதில், நடத்தை கெட்டவன்! பழவினைக்குப் பதில் இப்பிறப்பின் வினை! கிருமி கண்டறிந்து எண்பது ஆண்டும், மருந்து கண்டு பதின்மூன்று ஆண்டும் கழிந்த பிறகு, பகுத்தறிவு மேடையிலேயே நாலடியாரின் தீர்ப்பு மறுபடி வாசிக்கப்பட்டது. அறைகூவலாக நின்ற அந்தக் குரலை நாம் இன்றும் போற்றுகிறோம். ஆயினும், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய ஒரு நோயாளியின் மனைவி, தன் கணவனை என்ன கண்கொண்டு பார்த்திருப்பாள் என்ற எண்ணம் நம்மை உறங்க விடவில்லை. 1971இல் கலைஞர் தலைமையில் இருந்த தமிழ்நாட்டரசு, தொழுநோயால் இரவலரானோர்க்கு மறுவாழ்வு இல்லங்களை அமைத்ததை அந்தக் கடனில் ஒரு பகுதி கழிந்ததாகக் கொள்வோம்.

பெயரை மாற்றினால் போதுமா என்று சிலர் கேட்கிறார்கள். 1948இல் கியூபாவின் அவானா நகரில் கூடிய பன்னாட்டுத் தொழுநோய் மாநாடு, மனிதனையே நோயின் பெயரால் அழைக்கும் சொல்லைக் கைவிடச் சொன்னது. பிரேசில் நாடு 1995இல் சட்டமே இயற்றி, பழைய பெயரை நீக்கி ஆன்சன் பெயரைச் சூட்டியது. பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குட்டத்தைத் தொழுநோயாக்கிய நம் பட்டறிவு வேறொன்றையும் சொல்கிறது. பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு உள்ளே பழைய நீதிபதியையே உட்கார வைத்தால் தீர்ப்பு எப்படி மாறும்? உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில் இருக்கிறார்கள். நோய் ஒழிந்தது என்று 2005 இறுதியில் நாடு அறிவித்ததன் பொருள், பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகிவிட்டது என்பதே, அற்றுப்போயிற்று என்பதன்று.

அந்தச் சிறுவனின் செய்தியைச் சொல்லாமல் விட்டோம். வெல்லம் கரைத்த பிறகும் தேமல் போகவில்லை. ஐந்து மாதம் கழித்துக் கிழவி ஒரு மாலையில் தானே நம் வாசலுக்கு வந்தாள். பேரனின் சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியிருந்தது. முழங்கை நரம்பு தடித்திருந்தது. மறுநாள் மூவரும் நடந்தே மருத்துவ நிலையத்துக்குப் போனோம். மாதத்தின் முதல் வேளையைச் செவிலியர் கண்முன் விழுங்கவேண்டும். எஞ்சிய நாளுக்கெல்லாம் அட்டையில் பதித்த மாத்திரைகள். ஆறு அட்டைகளும் முடிந்தன. பரணில் அவற்றை அடுக்கி வைத்திருக்கிறாள் கிழவி, எண்ணிக் காட்டுவதற்கு. கையின் உணர்ச்சி ஓரளவு மீண்டது. நாள்தோறும் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் பூசி, விரலை நீவிவிடச் சொல்லியிருக்கிறார்கள். சுண்டுவிரல் மட்டும் முழுவதும் நிமிரவில்லை. அந்த ஐந்து மாதத்தின் விலை அது. அதில் நம் பங்கும் உண்டு, பெயரைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியவர்கள் நாம் என்பதால்.

ஏழாம் வகுப்பு மாணவனுக்கு விடை சொல்லியாயிற்று. கரும்பலகையில் தொழு என்று எழுதி, கொட்டில், கட்டை, கும்பிடு மூன்றையும் எழுதி, நண்டையும் எலியையும் சொன்னோம். எலி அவனுக்குப் பிடித்திருந்தது. "அப்போ பூனைதான் மருந்தா, ஐயா?" என்றான். இம்முறை நாமும் சிரித்தோம். மருந்தின் பெயர்களையும் எழுதினோம்.

கிழவி இன்றுவரை அந்த நோயின் பெயரைச் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தில் யார் பிள்ளைக்காவது வெளிறிய தேமலைக் கண்டால், கையைப் பிடித்துக் கிள்ளிப் பார்க்கிறாள், "சுருக்குங்குதா?" என்று கேட்கிறாள், "தேமல் மாத்திரை குடுக்கறாங்க, காசில்ல, போய் வாங்கு" என்கிறாள். சென்ற திங்களில் இரண்டு பேரை அனுப்பியிருக்கிறாள். தேமல் மாத்திரை என்பதை நாம் திருத்தவில்லை.